முந்தின பிரதி

புது மடிக்கணினியில் நேராகத் திறந்தால்
பத்திரம் முழுக்கத் தலைகீழ்க் கேள்விக்குறி,
பவுண்டுக் குறி, கொம்பு முளைத்த ஆங்கில எழுத்து.
கன்னடியன் கால் என்று நான் அடித்தது
வாய்க்குள் கூழாங்கல் உருட்டுகிற மாதிரி கிடக்கும்.

அதனால் கணினிக்குள் ஒரு பொய்க் கணினி வைத்திருக்கிறேன்.
அதற்கு இன்னும் தொண்ணூற்றாறாம் வருஷம்.
சுட்டி தெரியாது. இணையம் தெரியாது.
வேகத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும்,
விட்டால் ஒரு தட்டுக்கு நாற்பது 'ன' விழும்.
மென்பொருளைச் செய்த கம்பெனி மூடி இருபத்து நாலு வருஷம்.
உதவிக்கு என்று அட்டையில் போட்டிருந்த சென்னை நம்பரில்
இப்போது ஒரு பல் டாக்டர் பேசுகிறார்.

வீரவநல்லூர், சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிர்ச் சந்து.
முதலாளி சைலப்பன் போன பிறகு
ஃபிளாப்பிகள் பிஸ்கட் டின்னோடு என்னிடம் வந்தன.
முந்நூற்றுச் சொச்சம். பாதி பூஞ்சை.

பேராச்சி வந்தது ஒரு வியாழக்கிழமை, மழை வெறித்த நேரம்.
செருப்பை வெளியே விடவா என்று கேட்டாள்.
"எங்க அய்யா எழுதின செட்டில்மென்ட், அண்ணாச்சி.
ரெஜிஸ்தர் நகல் எங்கிட்ட இருக்கு. அதுல நான் இல்ல.
இங்க வச்சுத்தான் அடிச்சாவளாம். சும்மா பாக்கணும்."

ஆண்டபெருமாள் என்கிற மனிதர்
எட்டு எழுத்துக்குள் அடங்காமல்
ஆண்டபெரு என்று நின்றிருந்தார்.
அவர் பேரில் இரண்டு கோப்பு.
ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் அந்த மென்பொருள்
முந்தினதை ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ளும்,
யாரும் சொல்லாமலே.

முந்தினதைத் திறக்கச் சம்மதிக்காது.
பேரை மாற்றிக்கொண்டு வா என்கும்.
நகலெடுத்து வேறு பேர் சூட்டி உள்ளே விட்டேன்.

நீலத் திரையில் வரி வரியாக இறங்கியது:
கன்னடியன் காலுக்குத் தெற்கு, பெரிய வரப்புக்கு மேற்கு,
ஆறு மரக்கால் விதைப்பாடு நஞ்சையை
என் மகள் பேராச்சி சர்வ சுதந்திரமாய்
ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.

தன் பேர் மேல் விரலை வைத்தாள்.
தொட்டால் நகர்கிற திரைதான்.
உள்ளே இருப்பதற்குத் தொடுகை புரியாது,
அசையாமல் நின்றது.

முந்தினதற்கு மணி ஐந்து பத்து.
பிந்தினதற்கு ஐந்து நாற்பத்தெட்டு.
"இந்த முப்பத்தெட்டு நிமிஷத்துல யாரு வந்தா?"

மெஷினில் அது இல்லை.
என்னிடம் இருக்கிறது.
அவள் அண்ணன் வந்தான், கையில் தூக்குச்சட்டியில் டீ.
முதலாளி என்னைப் பார்த்து ஆறு விரல் காட்டினார்.
ஒரு வரியை அழிக்க கன்ட்ரோலும் ஒய்யும்.
ஆறு தடவை. டீ இன்னும் சூடாகத்தான் இருந்தது.

கோர்ட்டில் இது செல்லாது என்றேன்.
"தெரியும்" என்றாள். "ஒரு அச்சு மட்டும்."
பழைய மென்பொருள் ஊசி ஊசியாகக் குத்தும்
ஏதோ ஒரு பிரிண்டரைத் தேடிற்று,
தயாரா, தயாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தது.
கடைசியில் போனில் படம் எடுத்தாள்.
ஃபிளாஷ் பட்டு அவள் பேர் இருந்த இடம்
வெள்ளைக் குழியாக விழுந்தது.
அணைத்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

செருப்பு மாட்டும்போது கேட்டாள்,
"அன்னைக்கு யாரு அடிச்சது?"
"ஆபீஸ்ல தான்" என்றேன்.

அவள் போன பிறகு பிந்தினதையும் திறந்து பார்த்தேன்.
மூடுகையில் சேமிக்கவா என்று கேட்டது.
ஒரே ஒரு ஆம் போதும்.
பிந்தினது முந்தினதாகிவிடும்.
ஆறு வரி எந்த டின்னிலும் இராது.

இல்லை என்பதை அமுக்கினேன்.
பிறகு வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து
அந்த ஆறு வரியையும் அடித்துப் பார்த்தேன்,
அழித்தும் பார்த்தேன்.
விரல் எங்கேயும் தயங்கவில்லை.
அன்றைக்கும் தயங்கியிருக்காது.