நன்னிலைச் சான்று

முதுகில் ஒரு தட்டு நழுவியது,
பொள்ளாச்சியில், மூன்றாம் மாடிப் படிக்கட்டில்.
ஸ்ட்ரெச்சரில் இருந்தவர் நூற்றுப் பத்துக் கிலோ.
அவர் பிழைத்துக்கொண்டார்.
கிறிஸ்துமஸுக்கு அதிரசம் கொடுத்தனுப்புகிறார்.

உரிமத்தைத் தூங்கவைத்தேன்.
அதற்கொரு படிவம் உண்டு, கட்டணமும் உண்டு.
வேலை பார்க்காமலிருக்கப் பணம் கட்டியவள்
எங்கள் தெருவில் நான் ஒருத்திதான்.
ரசீதில் நீல மையில்:
ஜெனோவா ஆரோக்கியம், பாராமெடிக்,
செயலற்ற நிலை.
அந்த வருஷம்தான்
இரட்டைப் பிள்ளை பெற்றேன்.

முதுகு ஆறியது. குடித்தனம் வேலந்தாவளத்துக்கு வந்தது.
வாசல் கேரளா.
கொடிக்கயிற்றின் மறுமுனை கட்டிய வேம்பு தமிழ்நாடு.
பிழியாத சேலை இரண்டிலும் சொட்டுகிறது,
எவரும் கேட்பதில்லை.

பாலக்காட்டில் பிரசன்னன் சார் நல்ல மனுஷன்.
பேச்செல்லாம் தமிழ், விதியை மட்டும்
மலையாளத்தில் வாசிப்பார்.
"அங்கத்தெ பதிவு இங்கே செல்லும், ஜெனோவா.
ஆனா அதுக்கு உயிர் இருக்கணும்.
நன்னிலைச் சான்று வாங்கிட்டு வா."

சென்னையில் சொன்னார்கள்:
தூங்குகிற உரிமத்துக்கு நன்னிலை எழுத இடமில்லை,
எழுப்பிவிட்டு வா.
எழுப்புவதற்கு நாற்பது மணி நேர வகுப்பு,
கூடவே, இப்போது வேலை பார்க்கும் இடத்தின் கடிதம்.

கொழிஞ்சாம்பாறை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்:
கேரளப் பதிவு இருந்தால்
நாளைக் காலையே வந்துவிடு.

செக்கு மாடாவது
எண்ணெய் வாசம் பிடித்திருக்கும்.

ராத்திரியில், பிள்ளைகள் உறங்கியபின், செல்போனில் வகுப்பு.
தலையணையின் நெஞ்சை
நிமிஷத்துக்கு நூற்றுப் பத்து முறை அழுத்தினேன்.
காலையில் பார்த்தால் சின்னவள்
தலையணைக்கு பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள்.
முப்பத்தொரு மணி நேரம் இப்படிச் சேர்ந்தது.

வியாழக்கிழமை, பால்காரர் இன்னும் வரவில்லை.
செக்போஸ்டுக்கு முன்னால்
கள்ளு வண்டியும் வெங்காய லாரியும்.
பையனுக்கு இருபது வயது இருக்கலாம்.
தொடையிலிருந்து துள்ளித் துள்ளி வந்தது.
நூற்றெட்டை அழுத்தினேன், கோயம்புத்தூர் எடுத்தது.
எந்த மாநிலம் என்றது.
இடது தோளால் போனை இடுக்கிக்கொண்டு
துப்பட்டாவைச் சுற்றி, வண்டி ஸ்பானரைச் செருகி
முறுக்கினேன். கத்தினான்.
இன்னும் ஒரு முறுக்கு.
நின்றது.
கண்மையால் நெற்றியில் எழுதினேன்: 6.12.

வந்தது பாலக்காட்டு வண்டி.
டெக்னீஷியன் நெற்றியைப் பார்த்தான், ஸ்பானரைப் பார்த்தான்,
பிறகு என்னை.
"சேச்சி, நம்பர் எத்தர?"
பதிவு எண்ணைக் கேட்கிறான்.
பதினோரு இலக்கமும் மனப்பாடம்.
வாய் திறந்து, மூடி,
"தூங்குது" என்றேன்.
புரிந்ததோ இல்லையோ, தலையாட்டினான்.
சீட்டில் முதலுதவி செய்தவர் என்ற கட்டத்தில்
வழிபோக்கன் என்று எழுதினான்,
ஆண்பாலில்.
மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்க
எனக்கு இதற்குள் வந்திருந்தது.

கையில் கள் வாடை இரண்டு நாள் போகவில்லை.
ஞாயிறு ராத்திரிப் பாடம்: ரத்தப்போக்கு, மூன்று மணி நேரம்.
கட்டு இறுக்கிய நேரத்தை எங்கே குறிப்பீர்கள்?
நான்கு விடைகள். மூன்றாவது, நெற்றி.
பச்சை விளக்கு எரிந்தது, ஒரு மதிப்பெண்.

பையனுக்குக் கால் தப்பியது என்று
லாரிக்காரர்தான் வந்து சொன்னார்,
அரை மூட்டை வெங்காயத்தோடு.

நாற்பதும் முடிந்தது.
வேலை பார்க்கும் இடத்தின் கடிதம்
வைக்க வேண்டிய இடத்தில்
அந்தச் சீட்டின் கார்பன் பிரதியைக் குத்தி
பிரசன்னன் சாரிடம் நீட்டினேன்.
கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
இது சென்னைக்குப் போக வேண்டிய காகிதமாச்சே என்றார்.
ஆமாம் என்றேன்.
இது கடிதமும் இல்லையே என்றார்.
ஆமாம் என்றேன்.

மின்விசிறி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.
திருப்பித் தரவில்லை.
மேலே பேப்பர்வெயிட்டை எடுத்து வைத்தார்.