நூனின் வால்

தஹ்லக் தீவில் நிழல் என்றால்
கல்லுக்கு அடியில் மட்டும்.

எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி.
முப்பாட்டன்வரை பேர் சொல்லி
பேரம் பேசுவார்கள் வணிகர்கள்.
முத்துக் குளித்தவன் மனைவி ரைஹானா
ஒன்றுதான் சொன்னாள்:
மர்ஜான்.

கைப்பழக்கம். அடுத்தே
'இப்னு' வெட்டிவிட்டேன்.
"யாருக்கு மகன்?"
"விலைக்கு வந்தவர். அவருக்கே தெரியாது."

கருங்கல்லில் வெட்டியதை
விழுங்க முடியாது.
நூனின் வாலை மேலே இழுத்தேன்,
தண்டாக.
நுனி பிளந்து இரண்டு இலை.

வாசிக்கத் தெரியாதவள்
தடவிப் பார்த்தாள்,
இலையில் விரல் நின்றது.

இப்போது வணிகர்கள் கேட்கிறார்கள்,
தங்கள் தகப்பன்மாருக்கும் அது வேண்டுமாம்.
இலைக்குத் தனிக் கூலி.

அவளிடம் வாங்கியது
ஐந்து எழுத்துக் காசு.