எவன் வந்தாலும்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
காய்கறிக் கடைக்கு மாடியில் என் தையல் கடை.
கான்வென்ட் பிள்ளைகளின் பாவாடைக்குப்
பதினாறு மடிப்பு வைத்து வைத்து
தூக்கத்திலும் மடிப்பு எண்ணுகிறவள் நான்.

வெள்ளையப்பன் அண்ணன் ஒரு தாளோடு ஏறி வந்தார்.
மகள் டண்டியில் நர்ஸ். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர்.
கல்யாணத்தில் அவர்கள் வீட்டு ஆண்கள் கில்ட் கட்டுவார்களாம்.
அப்பாவுக்குக் கட்டாயமில்லை,
ஆசையிருந்தால் அளவு அனுப்புங்கள் என்று
தமிழிலேயே எழுதி அனுப்பியிருக்கிறாள்.
ஆசை இருக்கிறது என்று அண்ணன் சொல்லவில்லை.
மழையில் நனையாமல் தாளைச் சட்டைக்குள் வைத்திருந்தார்.

எட்டு கெஜம் கம்பளி.
"கல்யாணப் பட்டே ஆறு கெஜந்தாண்ணே!"
முன்பக்கம் தட்டை, பின்னால் முழுக்க மடிப்பு.
உட்காரும்போது நீவிவிட்டு உட்கார வேண்டும்.
அதை நான் சொல்லித்தருகிறேன் என்றேன்,
அந்த வேலையில் எனக்கு ஐம்பது வருஷப் பழக்கம்.

இடுப்பு, தொப்புள் மட்டத்தில்.
மூச்சை இழுத்துப் பிடித்தார்.
"விடுங்கண்ணே, பந்திச் சாப்பாடு எங்கே போகும்?"
விட்டார். முப்பத்தெட்டரை.
அடுத்தது 'சீட்' என்றிருந்தது.
சீட் என்றால் எது என்று
கொஞ்ச நேரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.
நாற்பது.

உயரம், முழங்கால் சில்லின் நடுவரை.
நிமிர்ந்து நிற்கவும். குனிந்து பார்க்கக் கூடாது.
குனிந்தால் அளவு கெடும்.
வேட்டியை மடித்துக் கட்டினார்.
நான் மண்டி போட்டு நாடாவின் நுனியைப் பிடித்தேன்.

கீழே ரோட்டில் எஸ்டேட் ஜீப் ஹாரன் அடித்தது.
அண்ணன் கை தானாக இடுப்புக்குப் போனது.
வேட்டி அவிழ்ந்து என் தலைமேல் இறங்கியது.
நாங்கள் இருப்பதோ மாடி. ஜன்னலும் சாத்தியிருந்தது.
ஜீப்பில் யார் இருந்தார்களோ,
மேலே இப்படியொருவர் நிற்பதே அவர்களுக்குத் தெரியாது.

துணிக்குள்ளிருந்தே சொன்னேன்:
"இது அப்படியெல்லாம் இறக்க வராதுண்ணே.
தைச்சா தைச்சதுதான். எவன் வந்தாலும் முட்டி தெரியும்."
"எவன் வந்தாலுமா?"
"அவங்க ஊர் ராஜாவே வந்தாலும்."

வேட்டியை மறுபடி மடித்தார்.
இந்தத் தடவை இரண்டு முடிச்சு.
இருபத்து மூன்றே முக்கால்.

கடைசி வரியில் குலம் கேட்டிருந்தது.
அங்கே குலத்துக்கொரு கட்டம் போட்ட துணியாம்.
அண்ணன் சிரித்த சிரிப்பில்
காய்கறிக்காரர் படியேறி எட்டிப் பார்த்தார்.
"கடல் தாண்டிப் போனாலும் இதையேதான் கேப்பானுங்களா?"
பின்பக்கம் பார்த்தோம்.
குலம் சொல்லாதவர்க்கும் நாலைந்து துணி உண்டு.
"சொல்லாதவங்கன்னா போட்டிருக்கு? இல்லாதவங்கன்னு இல்லியே?"
இல்லை, சொல்லாதவங்கதான்.
அப்படியானால் சரி என்று
பச்சையும் கறுப்பும் ஓடிய ஒன்றில் விரல் வைத்தார்.
மிளகுக் கொடி மாதிரி இருக்கிறதாம்.
விலையையும் மிளகிலேயே போட்டார்:
ஒன்றே முக்கால் மூட்டை.
மகள் தருகிறேன் என்றாளாம், இவர் ஒப்பவில்லை.

என் மகன் போனில் பணம் கட்டிக்கொண்டிருந்தான்.
கடைக் கண்ணாடி ஜாக்கெட்டுக்காக மாட்டியது,
இடுப்போடு முடிந்துவிடும்.
ஸ்டூலைக் கேட்டு வாங்கி, ஏறி நின்றார்.
கண்ணாடியில் முகமில்லை.
மடித்த வேட்டிக்குக் கீழே இரண்டு முழங்கால்,
அட்டை கடித்த புள்ளிகள்,
சில்லுக்குப் பக்கத்தில் நான் குத்திய சாக்பீஸ் கோடு.
நேராக நின்றார். எவ்வளவு நேரமோ.
ஜீப் திரும்பி வந்ததா என்று நான் கவனிக்கவில்லை,
எனக்கு பட்டன் ஓட்டை வேலை கிடந்தது.

அளவுக் கூலி நாற்பது.
ஐம்பதை வைத்துவிட்டு,
"உட்காரும்போது நீவணும், இல்ல?" என்று
படியில் பாதி இறங்கி நின்று கேட்டார்.
"ஆமாண்ணே, பின்னாடி."