பதினைந்து பங்கு

ஒரு புள்ளிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்.
அதற்குள் உவரி அடங்கும், திசையன்விளை அடங்கும்,
பாதிக்குக் கடலும் அடங்கும்,
தேரிமணலில் செருப்பறுந்து நான் நின்ற மத்தியானமும் அடங்கும்.

எனக்கு வேலை வடதுருவத்தில்.
உவரியில், வாடகை வீட்டு மாடியில் இருந்துகொண்டு
சாட்டலைட் அனுப்புகிற படத்தில்
எது பனி எது தண்ணீர் என்று நிறம் போட வேண்டும்.
படத்துக்கு நாற்பது ரூபாய். கரண்ட் போனால் அதுவும் இல்லை.
சட்டம் ஒன்றுதான்:
நூற்றுக்குப் பதினைந்து பங்கு பனி இருந்தால்
புள்ளி முழுதும் பனி.

கீழே ஐஸ் கம்பெனி.
விடியக்காலம் மூன்றரைக்கு
ஸ்தனிஸ்லாஸ் கொக்கியால் பாளத்தைத் தட்டுவது
சுவர்வழி ஏறிக் கட்டில்காலுக்கு வரும்.
நங் என்றால் வள்ளத்துக்கு.
தொப் என்றால் நடுவில் பொக்கு, ஓரமாய்த் தள்ளு.
அவரிடம் சட்டத்தைச் சொன்னேன்.
"பதினஞ்சு பங்குக்கு முழு ஐஸ்னு எழுதுவியளோ?
ஏளா, அந்தச் சாட்டலைட்ட எங்க முதலாளி கண்ணுல காட்டிராத."

சிரித்துக்கொண்டுதான் மாடி ஏறினேன்.
படத்தோடு ஒரு தாள் வந்திருந்தது.
அந்தக் கரையில் குடியிருக்கிற ஒருத்தி எழுதினது. பெயர் இல்லை.

மூன்று இடத்தில் கம்பி இறக்கினேன்.
முதல் குத்திலேயே ஈரம்.
நாய் முன்கால் வைக்க மாட்டேன் என்கிறது.
சின்ன மாமன் வண்டி இன்னும் வந்து சேரவில்லை.

என் படத்தில் அந்தப் புள்ளி வெள்ளை.
நான் போட்டதுதான், செவ்வாய்க்கிழமை.
பதினேழு பங்கு. சட்டப்படி சரி.
இப்போதும் சரிதான்.

அவளுக்கும் ஒன்று தெரியாது.
நாற்பது வருஷத்துப் படங்களை அடுக்கிப் பார்த்தால்
வெள்ளை ஓரம் எவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது என்று
இருட்டிலும் மேகத்திலும் கண் மூடாத ஒன்றுதான் சொல்லும்.
அவ்வளவு நீளக் கம்பி எவளிடமும் இல்லை.
நாய்க்கோ இந்தக் காலடிதான் கணக்கு.

கட்டங்கள் மூன்று:
பனி. தண்ணீர். தெரியவில்லை.
நிற்க ஆகாது என்பதற்குக் கட்டம் இல்லை.

வெள்ளையை அழித்துத்
தெரியவில்லை என்று அமுக்கினேன்.
நாற்பது ரூபாய் போச்சு.
அதுவும் பொய். ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது.

கீழே கொக்கி விழுந்தது.
தொப்.