நூற்று அறுபத்து மூன்று பாகை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு
திருச்சியிலிருந்து மேலெழுந்தேன்,
வெள்ளவத்தையில், நாலாம் மாடியில்,
இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில்.

கராச்சியில் தொடங்கும் பழைய தபால் பாதை.
ஒவ்வொரு சனியும் ஒரு கட்டம்.
பெல்லாரியில் இறங்கும்போது ஒரு சக்கரத்தை முறித்தேன்.
மதராசில் மேகம் காப்பாற்றியது,
எப்படி இறங்கினேன் என்று ஒருவரும் பார்க்கவில்லை.
இன்று கடைசிக் கட்டம்: இரத்மலானை.

செய்மதி வழிகாட்டி கூடாது என்பது விதி.
வரைபடம், திசைகாட்டி, மணிக்கூடு.
மகளின் கணிதப் பெட்டியிலிருந்து பாகைமானி எடுத்தேன்.
"திருப்பித் தருவேன்" என்று
கொப்பியில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

யூனிட்டி பிளாசாவில் பாவித்ததாய் வாங்கிய கைப்பிடி
இடப்பக்கம் இழுக்கும்.
ஓர் உடுப்புக் கிளிப் போட்டு நிமிர்த்தியிருக்கிறேன்.

முப்பது கிலோ தபால் ஏற்ற வேண்டும். அதுவும் விதி.
ஏற்றுவது என்றால்
ஒரு கட்டத்துக்குள் முப்பது என்று தட்டுவது.
கோட்டையில், காப்புறுதிக் கந்தோரில்,
என் வேலையே அதுதான்:
முன்கண்ணாடிக்கு இவ்வளவு, சுண்டுவிரலுக்கு இவ்வளவு.
ஆனாலும் புதுக்கோட்டை தாண்டிய பிறகு கவனித்தேன்,
எரிபொருள் குறைகிறது,
விமானம் இலேசாகிக்கொண்டே வருகிறது,
தபால் மட்டும் அப்படியே முப்பது.

"இப்ப எங்க நிக்கிறாய்?" என்றார் கிருபா.
பாம்பனுக்கு மேலே என்றேன்.
பாம்பனுக்குப் பக்கத்தில் ஒரு பிளேன்டீயை வைத்துவிட்டுப் போனார்.

பிறகு கடல்.
ஒரு மணி நேரம் கடல் மட்டும்.
திரையில் அலை நகரும், ஆனால் கரையில்லை,
நூற்று அறுபத்து மூன்று பாகையை நம்புவதைத் தவிர
வேறு வேலையில்லை.
உளுந்து ஊறப்போட்டேனா என்று யோசித்தேன்.
இரண்டு பாகை விலகியிருந்தேன்.

கற்பிட்டி இடப்பக்கம் மெலிந்த கோடாய் வந்தபோது
யாருமில்லாத அறையில் கைதட்டினேன்.

கொழும்பு வந்தது.
திரையில் துறைமுக நகரம் இன்னும் கடல்.
தாமரைக் கோபுரம் முளைக்கவில்லை.
நேரே போனால் ஏழாம் இடம், ஒருவேளை ஆறு.
கை இடப்பக்கம் இழுத்தது.
கிளிப்பைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

காலி வீதியைப் பிடித்துத் தாழப் பறந்தேன்.
எங்கள் ஒழுங்கை இருந்தது.
எங்கள் கட்டடத்தின் இடத்தில்
சிவப்பு ஓட்டு வீடு ஒன்று, ஜன்னல் இல்லாமல்,
அதே வீடு பக்கத்திலும், அதற்கடுத்தும்.
இரண்டு முறை சுற்றினேன்.
கீழே தண்டவாளம் வெறுமையாய்க் கிடந்தது.
அப்போது மெய்யான ரயில் போயிற்று,
தேநீர்க் கோப்பை மேசையில் நடுங்கியது.

ஒலிவாங்கியில் சந்திம வந்தான்.
அவன் வீடு இரத்மலானை ஓடுபாதை வேலியோரம்.
காற்று எப்படி என்று கேட்டேன்.
"பக்கத்து வீட்டுச் சாரம் நிலத்துப் பக்கம் பறக்குது அக்கா,
கடல் காத்து, நல்ல பலம்."
திரையிலோ காற்றுப்பை செத்த பல்லிபோல் தொங்கியது.
நான் சாரத்தை நம்பினேன்.
வராத காற்றுக்குச் சாய்ந்து இறங்கி
புல்லில் பாதி, பாதையில் பாதி ஓடி நின்றேன்.

சந்திம சிரித்து முடித்துவிட்டுச் சொன்னான்:
"சாரத்தை உள்ளுக்கு எடுத்திட்டாங்க. மழை."
திரையில் மாசில்லாத வானம்.
இறங்கிய நேரத்தைக் குறிக்கப் பென்சில் தேடினேன்.
தெகிவளைப் பக்கம் கடல் ஈய நிறமாகி
எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

பல்கனியில் இரண்டு நாள் உடுப்பு.
இயந்திரத்தை நிறுத்தாமல் ஓடினேன்,
தலையில் ஒலிவாங்கி, அறுந்த வால்போல் அதன் வயர்.
கை நிறையத் துணியோடு திரும்பி வந்தபோது
விசிறி சுற்றிக்கொண்டிருந்தது,
முப்பது கிலோவும் இறக்கப்படாமல் இருந்தது,
இறக்குவதற்கு எந்தப் பொத்தானும் இல்லை.

ஒரு கிளிப் குறைகிறது என்றாள் மகள்.