தோன்றா எழுவாய்

மண்டபம் நண்டுக் கம்பெனியில்
ஷிப்ட் ரிப்போர்ட் எழுதுவது என் வேலை.
தமிழ் எம்.ஏ.வுக்கு வேறென்ன தெரியும்
என்று கொடுத்தார்கள்.

முந்தாநாள் ராத்திரி மூன்று மணிக்கு
குளிர் அறையில் அமோனியா கசிந்தது.
சந்தியாகு சார் சொல்லச் சொல்ல எழுதினேன்:
வால்வு சரிபார்க்கப்படவில்லை.
அலாரம் அணைக்கப்பட்டிருந்தது.
ஏழு கைகள் பாதிக்கப்பட்டன.

ஏழு கை என்றால்
மூன்றரை ஆளா சார்?

"எழுதும்மா. எப்பவும் போடுறதுதானே."

எப்பவும் போடுவதுதான்.
சினையாகுபெயர். பரீட்சையில் இரண்டு மார்க்.
ஆனால் களஞ்சியம்
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
கண்ணைத் திறக்க முடியாமல் கிடக்கிறாள்.
ஜெமீலாவுக்குக் குரலே வரவில்லை.
இவர்களை எந்தத் திணையில் வைப்பது?

கைகளை அடித்துவிட்டு
ஏழு பேரையும் பெயர் சொல்லி எழுதினேன்.
வால்வுக்கு ஒரு எழுவாய் வைத்தேன்:
சந்தியாகு.

சார் கோபப்படவில்லை.
ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.
கச்சான் அடங்கி
வள்ளங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன.
"சரி," என்றார், "அலாரத்துக்கும் வை."

அவருக்குத் தெரிந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை.
சும்மா சும்மா கத்துகிறதென்று
டீயைக் கையில் வைத்துக்கொண்டே
சுவிட்சைத் தட்டினது.

அணைக்கப்பட்டிருந்தது என்பதை அடித்தேன்.
அணைத்தேன் என்று எழுதினேன்.
நான் என்று தனியாகப் போடவில்லை,
இலக்கணப்படி வேண்டியதில்லை.
விகுதியிலேயே ஒரு ஏன் இருக்கிறது.

விசாரணைக்கு வருகிறவர்கள்
அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்.