தொண்ணூற்றெட்டு டிகிரி

இனேஸ் கல்லூரிக்குப் போனபின்
நீச்சல் குளத்தில் இறங்க ஆளில்லை.
மண் கொட்டி மூடிக் கள்ளி வைக்கலாம் என்றேன்.
ஓரின் கேட்கவில்லை.
செப்புச் சுரங்கத்தில் முப்பது வருடம் மின்வேலை பார்த்தவன்;
சும்மா கிடக்கும் எதைக் கண்டாலும் கை அரிக்கும்.

டூசான் நகரத்து ஜூன் மாதம்,
கார்க் கதவின் பிடி தோலை உரிக்கும்.
கூரைமேல் அலறிக்கொண்டிருந்த
பழைய ஏசியைக் கழற்றி இறக்கினான்.
புதிய ஹீட் பம்பிலிருந்து இரண்டு குழாய்கள்
கொல்லைப்புறமாகக் குளத்துக்குப் போயின.
"வீட்டுச் சூட்டை வெயிலிடம் நீட்டினால் வாங்குமா?
அதற்கே தாங்கவில்லை.
தண்ணீர் வாங்கிக்கொள்ளும்."

வாங்கிக்கொண்டது.
கரண்ட் பில்லைப் பிரித்தவன்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தான்.
குளியலறைக் கதவின் பின்புறம்
தேதி போட்டுப் பென்சிலால் எழுதத் தொடங்கினான்:
எண்பத்தொன்பது.
தொண்ணூற்று மூன்று.
தொண்ணூற்றெட்டு.
காய்ச்சல் என்று சொல்ல
இன்னும் ஒரு கோடுதான் பாக்கி.

பக்கத்து வீட்டு எஸ்கலான்டே பிள்ளைகள் குதித்துப் பார்த்து
"இது சூப்" என்று ஏறிப் போனார்கள்.

அன்றிரவு எங்களுக்குள் சண்டை.
எதற்கென்று சொன்னால் சிரிப்பீர்கள்.
தெர்மோஸ்டாட். இரண்டு டிகிரி.
அங்கே தொடங்கி
இனேஸ் ஏன் போன் செய்வதில்லை என்று போய்
அவன் தம்பிக்குக் கொடுத்த பணத்தில் வந்து நின்றது.
அடுப்பில் பீன்ஸ் தீய்ந்தது.

நள்ளிரவில் தனியாக இறங்கினேன்.
என் உடம்பின் சூடே தண்ணீருக்கும்;
தோல் எங்கே முடிகிறது,
குளம் எங்கே தொடங்குகிறது, தெரியவில்லை.
தீய்ந்த பீன்ஸ், ஃபிரிட்ஜின் முதுகு,
அவன் இஸ்திரி போட்ட நீலச் சட்டை,
நாங்கள் கத்திய கத்தல்,
எதையும் தரம் பிரிக்காமல்
குழாய் இங்கே கொண்டுவந்து கொட்டியிருந்தது.
மல்லாந்து அதன்மேல் மிதந்தேன்.
மேகமில்லாத வானம்
கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தது.

விடியற்காலை தொண்ணூற்று நான்கு.
தண்ணீரும் ஒரு விரற்கடை குறைந்திருந்தது.
நான்தான் எழுதினேன்,
அவன் பென்சிலால், அவன் வரிசையில்.

ஜனவரியில் எல்லாம் தலைகீழ்.
குளத்திலிருந்து இழுத்து வீட்டுக்குத் தருகிறது பம்பு.
"நம் கோடைச் சூடா இது?" என்று கேட்டேன்.
"அது அப்போதே போயிற்று.
இது நேற்று மத்தியானம்."

இன்னும் இரண்டு டிகிரி கூட்டச் சொன்னேன்.
ஒன்றும் பேசாமல் கூட்டினான்.

காலையில் பின்கதவைத் திறந்து வந்தான்.
குழாய் வாயருகே பொறுக்கிய
பனிக்கட்டிச் சில்லு ஒன்று உள்ளங்கையில்.
"இந்தா, உன் இரண்டு டிகிரி."

வெதுவெதுப்பான தரையில்
செருப்பில்லாமல் நின்று வாங்கினேன்.
விரலிடுக்கில் ஒழுகி முடியும்வரை
அவன் போகவில்லை.